லைஃப் இன் த யூகே பரீட்சை: பிரித்தானியப் பண்டிகைகளையும் வழக்கங்களையும் மறக்காதபடி படிப்பது எப்படி?

பிரித்தானியாவில் நிரந்தர வதிவிடத்துக்கோ குடியுரிமைக்கோ எழுத வேண்டிய லைஃப் இன் த யூகே பரீட்சையில் என் மாமி முதல் தடவை தவறிவிட்டு வந்த அன்று, குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக் கதிரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னது இது: “எட்டாம் ஹென்றியின்ர ஆறு மனிசிமாரும் பாடம் பிள்ளை. தீபாவளி எத்தினை நாள் எண்டு கேட்டாங்கள். ஒரு நாள் எண்டு போட்டிட்டன்.”

எங்கள் வீட்டில் தீபாவளி ஒரு நாள்தான். விடியத் தலைக்கு எண்ணெய் வைத்து முழுகி, புது உடுப்புப் போட்டு, கோயிலுக்குப் போய்வந்தால் முடிந்தது. பிரித்தானிய அரசின் கையேட்டிலோ தீபாவளி ஐந்து நாள். வாழ்நாள் முழுக்கக் கொண்டாடிய பண்டிகையிலேயே மாமிக்கு ஒரு புள்ளி போய்விட்டது. மன்னர்களின் வரலாற்றுக்கு மாதக்கணக்கில் நித்திரை முழித்தவர், பண்டிகைகள் பகுதியை “இது தெரிஞ்சதுதானே” என்று ஒரே மாலையில் புரட்டிவிட்டுப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு மாமியோடும், இன்னும் சில உறவினர்களோடும் அதே சமையலறை மேசையில் உட்கார்ந்து இந்தப் பகுதியைப் பலமுறை படித்திருக்கிறேன். பண்டிகைத் தேதிகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்புவித்தால் இரண்டு வாரத்தில் போய்விடும். அந்தப் பண்டிகை ஏன் வந்தது என்ற காரணத்தோடும், தெருவிலும் கடையிலும் நாமே பார்க்கும் ஒரு காட்சியோடும் கட்டிவைத்தால் போகாது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அப்படிக் கட்டிவைக்கும் வழிதான். வேலைக்கும் போய்க்கொண்டு, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய ஒருவருக்கு ஆறு வாரம் போதும்.

முதலில்: பரீட்சையின் கணக்கு

நிரந்தர வதிவிட உரிமைக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும் 18 முதல் 64 வயது வரையானவர்கள் இதில் சித்தியடைந்திருக்க வேண்டும். 65 வயதாகிவிட்டால் தேவையில்லை. நீண்டகால உடல்நலக் குறைவாலோ மனநலக் குறைவாலோ எழுத முடியாதவர்களுக்கும் மருத்துவரின் உறுதிப்படுத்தலோடு விலக்குக் கிடைக்கும். ஆங்கில மொழி அறிவைக் காட்டுவது தனி நிபந்தனை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

24 கேள்விகள், 45 நிமிடங்கள். 75 சதவீதம் வேண்டும், அதாவது 18 கேள்விகளுக்குச் சரியான விடை. ஆறு பிழை விடலாம், ஏழாவது பிழையோடு பரீட்சை போய்விடும். கேள்விக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் இருப்பதால் நேரம் யாருக்கும் பிரச்சினையாவதில்லை. கணினியில் விடையைத் தெரிவு செய்வதுதான் வேலை, எழுத எதுவும் இல்லை. கேள்விகள் நான்கு வகையாக வரும்: நான்கில் ஒன்றைத் தெரிவது, நான்கில் இரண்டைத் தெரிவது, சரியா பிழையா என்பது, இரண்டு வாக்கியங்களில் எது சரி என்பது. நான்கில் இரண்டைத் தெரியும் கேள்வியில் இரண்டும் சரியாக இருந்தால்தான் புள்ளி. அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி எழுதலாம். எத்தனை தடவையும் எழுதலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் 50 பவுண்ட்ஸ் கட்ட வேண்டும்.

இரண்டாவது: சரியான புத்தகம்

பரீட்சை ஒரே ஒரு புத்தகத்தில் இருந்துதான் வருகிறது. ‘லைஃப் இன் த யுனைடெட் கிங்டம்: எ கைட் ஃபார் நியூ ரெசிடென்ட்ஸ்’ என்ற அரசின் கையேடு, 2013இல் வந்த மூன்றாம் பதிப்பு. சொந்தக்காரர் யாராவது பரணில் இருந்து எடுத்துத் தரும் பழைய பதிப்பை வாங்கிப் படிக்காதீர்கள். பாடத்திட்டமே மாறிவிட்டது. நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஆனாலும் சொந்தமாக ஒரு பிரதி இருப்பது நல்லது, ஓரத்தில் தமிழில் எழுதிவைக்க வேண்டியிருக்கும்.

ஐந்து அத்தியாயங்களில் நான்காவதில், நவீன சமூகத்தைப் பற்றிய பகுதியில், சமயம், பண்டிகைகள், விளையாட்டு, கலை, பொழுதுபோக்கு எல்லாம் வருகின்றன. நாடுகளின் கொடி, புனிதர்கள் போன்ற சில விடயங்கள் வேறு அத்தியாயங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அதனால் நான்காம் அத்தியாயத்தை மட்டும் படித்தால் காணாது.

முதல் வாரம் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பண்டிகைகள் பகுதியை ஒரு செய்தித்தாள் மாதிரி இரண்டு தடவை வாசியுங்கள். தெரியாத சொல்லின் கீழே கோடு போடுங்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது: சுவரில் ஒரு கலண்டர்

என் அனுபவத்தில் முழுப் படிப்பிலும் அதிகப் பலன் தந்தது இதுதான். பெரிய மாதக் கலண்டர் ஒன்றை வாங்கிச் சமையலறைச் சுவரில் மாட்டுங்கள். ஒவ்வொரு பண்டிகையையும் அதன் தேதியில் ஆங்கிலத்தில் எழுதி, கீழே காரணத்தைத் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். தேநீர் கொதிக்கும் நேரத்தில் கண் அங்கே போகும்.

டிசம்பர் 31இல் இருந்து தொடங்குவோம். ஸ்கொட்லாந்தில் அந்த இரவுக்கு ஹொக்மனே என்று பெயர். ஸ்கொட்லாந்துக்காரர் சிலருக்கு அது கிறிஸ்மஸைவிடப் பெரிய கொண்டாட்டம். கொண்டாடிக் களைத்தவர்களுக்கு ஓய்வு வேண்டாமா? ஜனவரி 1 எல்லோருக்கும் விடுமுறை, ஸ்கொட்லாந்தில் மட்டும் ஜனவரி 2உம் விடுமுறை. புத்தாண்டு பிறக்கும்போது பாடும் ‘ஓல்ட் லாங் சைன்’ பாட்டு ஸ்கொட்லாந்துக் கவிஞர் ரொபர்ட் பேர்ன்ஸின் பெயரோடு சேர்ந்தது. இந்த மூன்றையும் ஒரே கட்டத்தில் எழுதினால் மூன்று கேள்விக்கு விடை ஒரே இடத்தில் இருக்கும்.

பெப்ரவரி 14 காதலர் தினம், அதை விளக்கத் தேவையில்லை.

பிறகு வருவது ஈஸ்டர் தொகுதி. இதற்கு நிலையான தேதி கிடையாது, மார்ச்சிலோ ஏப்ரலிலோ வரும். ஆகவே தேதியைப் படிக்காமல் வரிசையைப் படியுங்கள். நோன்பு தொடங்குவதற்கு முந்தின செவ்வாய் ஷ்ரோவ் டியூஸ்டே, பான்கேக் நாள் என்றும் சொல்வார்கள். அடுத்த நாள் சாம்பல் புதன். அதிலிருந்து லென்ட் எனும் 40 நாள் தவக்காலம். முடிவில் பெரிய வெள்ளி, பிறகு ஈஸ்டர் ஞாயிறு. பான்கேக் ஏன் அந்தச் செவ்வாயில்? நோன்பில் விலக்க வேண்டிய முட்டை, கொழுப்பு, பால் எல்லாவற்றையும் அதற்கு முன்னர் தீர்த்துவிடத்தான். விரதம் பிடிக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காரணம் உடனே பிடிபடும். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வரிசை முழுவதும் ஏற்கெனவே தெரியும், ஆங்கிலப் பெயர் மட்டும்தான் புதிது.

ஏப்ரல் 1 முட்டாள்கள் தினம். விளையாட்டாக ஏமாற்றுவது நண்பகல் வரைதான். ‘நண்பகல் வரை’ என்பதைக் கலண்டரில் எழுதுங்கள், அந்தச் சின்ன விவரம் கேள்வியாகும். ஏப்ரல் 14 வைசாகி, கல்சா எனும் சீக்கிய சமூகம் தோன்றிய நாள். எங்கள் சித்திரை வருடப்பிறப்பும் பெரும்பாலும் ஏப்ரல் 14இல்தானே வருகிறது? அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய பண்டிகை என்று கேட்டால் சீக்கியர் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

மே மாதத் தொடக்கத்தில் ஒன்று, மே முடிவில் அல்லது ஜூன் தொடக்கத்தில் ஒன்று, ஓகஸ்டில் ஒன்று என மூன்று பேங்க் ஹொலிடேகள், அதாவது பொது விடுமுறைகள், வரும். இவற்றுக்குச் சமயக் காரணம் கிடையாது. ஜூன் மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம். ஜூலையில் வட அயர்லாந்துக்கு மட்டும் ஒரு விடுமுறை உண்டு: 1690இல் நடந்த பொய்ன் போரின் நினைவு. மூன்றாம் வில்லியம் மன்னர், பதவி இழந்த இரண்டாம் ஜேம்ஸைத் தோற்கடித்த போர் அது. வரலாற்று அத்தியாயத்தில் அதைப் படிக்கும்போது கலண்டரில் ஜூலையைத் திருப்பிப் பாருங்கள்.

ஒக்டோபர் 31 ஹலோவீன். வாசலில் பூசணிக்காய் விளக்கும், மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளும் இல்லாத தெரு குறைவு. குளிர்காலத் தொடக்கத்தைக் குறித்த பழைய பண்டிகை ஒன்றில் இருந்து வந்தது என்பது புத்தகம் தரும் காரணம்.

நவம்பர் 5 பொன்ஃபயர் நைட். 1605இல் கத்தோலிக்கர் சிலர் (கை ஃபோக்ஸின் தலைமையில் என்கிறது கையேடு, உண்மையில் தலைவர் ரொபர்ட் கேட்ஸ்பி), புரட்டஸ்தாந்து மன்னரைக் கொல்வதற்காக நாடாளுமன்றக் கட்டடத்தில் வெடி வைக்க முயன்று தோற்றார்கள். அந்தத் தோல்வியைத்தான் வாணவேடிக்கையோடு கொண்டாடுகிறார்கள். தீபாவளியும் ஒக்டோபரிலோ நவம்பரிலோ வருவதால், லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹரோவிலோ இருப்பவர்களுக்கு வெடிச்சத்தம் இரண்டு மூன்று வாரத்துக்கு ஓயாது. எந்தச் சத்தம் எதற்கு என்று வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த கை ஃபோக்ஸ் கதையை உங்களைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நவம்பர் 11ஐ நான் யாருக்கும் வேகமாகக் கடந்துபோக விடுவதில்லை. முதலாம் உலகப் போர் 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்கு முடிந்தது. பதினோராம் மாதம், பதினோராம் நாள், பதினோராம் மணி. அந்த நேரத்தில் நாடு முழுதும் இரண்டு நிமிட மௌனம். லண்டனில் வைட்ஹோலில் உள்ள செனோடாஃப் நினைவுத்தூணில் மலர்வளையம் வைப்பார்கள். நெஞ்சில் சிவப்புப் பொப்பி குத்துவார்கள். முதலில் அந்தப் போரில் இறந்தவர்களுக்கென்று தொடங்கியது, இன்று பிரித்தானியாவுக்காகவும் அதன் நேச நாடுகளுக்காகவும் போரிட்டு இறந்த எல்லோருக்குமானது. அந்தப் போரில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் பிரித்தானியாவுக்காகப் போரிட்டார்கள், 40,000 பேரளவில் இறந்தார்கள் என்று கையேடே வரலாற்று அத்தியாயத்தில் சொல்கிறது.

பரீட்சைக்கு வராத ஒன்றையும் இந்த இடத்தில் நான் சொல்வதுண்டு. இலங்கையிலும் ஆங்கிலேயர் காலத்தில் பொப்பி விற்றார்கள். அந்தப் பணம் பிரித்தானியாவுக்குப் போவதை எதிர்த்து 1930களில் இளைஞர்கள் அதே நவம்பர் 11இல் பூவரசம் பூவை விற்றார்கள். சூரியமல் இயக்கம் என்று அதற்குப் பெயர். ஒரு வழக்கத்துக்குப் பின்னால் இப்படி இரண்டு பக்கமும் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபிறகு, மாமி ஒருநாளும் அந்தத் தேதியை மறக்கவில்லை.

டிசம்பர் 25 கிறிஸ்மஸ், 26 பொக்சிங் டே. இரண்டும் விடுமுறை. வான்கோழி ரோஸ்ட், கிறிஸ்மஸ் புடிங், மின்ஸ் பை என்ற மூன்று சாப்பாட்டுப் பெயர்களையும் எழுதுங்கள். மின்ஸ் பையில் இறைச்சி இல்லை, உலர்பழம்தான். யூதர்களின் ஹனுக்கா நவம்பரிலோ டிசம்பரிலோ எட்டு நாள் வரும், ஒவ்வொரு நாளும் மெனோரா எனும் விளக்குத் தண்டில் ஒரு மெழுகுதிரி ஏற்றுவார்கள். ஈத் அல் ஃபித்ர் ரமலான் நோன்பின் முடிவு. ஈத் அல் அத்ஹா, இறைவன் கட்டளையிட்டபோது மகனையே பலியிடத் துணிந்த இப்ராஹிமின் நினைவு. இந்த இரண்டு பெருநாளும் ஒவ்வொரு ஆண்டும் வெவ்வேறு தேதியில் வரும். ஆகவே கலண்டரில் அந்த ஆண்டுத் தேதியை எழுதினாலும், படிக்க வேண்டியது காரணத்தை.

நான்காவது: நான்கு நாடுகளைப் பிரித்தறிதல்

பிரித்தானியா என்று நாம் ஒரே வாயாகச் சொன்னாலும் பரீட்சைக்கு அது இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து. வழக்கங்களைப் பற்றிய கேள்விகளில் பாதிக் குழப்பம் ‘எது எந்த நாட்டினுடையது’ என்பதில்தான்.

ஒரு தாளை நான்காக மடியுங்கள். வேல்ஸ் கட்டத்தில்: காவல் புனிதர் டேவிட், மார்ச் 1, டாஃபோடில் பூ, வெல்ஷ் கேக். மார்ச் பிறக்கும் நேரத்தில் சூப்பர்மார்க்கெட் வாசலில் கட்டுக்கட்டாக மஞ்சள் டாஃபோடில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதை டேவிட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். வட அயர்லாந்துக் கட்டத்தில்: புனித பற்றிக், மார்ச் 17, மூவிலைச் செடியான ஷம்ரொக், அல்ஸ்டர் ஃப்ரை என்ற சாப்பாடு. இங்கிலாந்தில்: புனித ஜோர்ஜ், ஏப்ரல் 23, ரோஜா, மாட்டிறைச்சி ரோஸ்ட்டும் யோக்ஷயர் புடிங்கும், ஃபிஷ் அண்ட் சிப்ஸும். ஸ்கொட்லாந்தில்: புனித அன்ட்ரூ, நவம்பர் 30, முட்செடியான திஸில், ஹகிஸ் என்ற சாப்பாடு.

தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு பக்கம் மார்ச்சில் இரண்டு, பிறகு ஏப்ரல், கடைசியில் நவம்பர். மார்ச் 1உம் 17உம் மாறிவிடாமல் பார்த்துக்கொண்டால் மற்றவை தங்கிவிடும்.

இவற்றில் ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் மட்டும்தான் காவல் புனிதரின் நாள் அரச விடுமுறை. ஜோர்ஜ் நாளும் டேவிட் நாளும் விடுமுறை இல்லை. ‘எந்த இரண்டு’ என்று கேட்பதற்கு இதைவிட வசதியான கேள்வி உண்டா? நன்றாகக் குறித்துவையுங்கள்.

கொடியையும் இதே தாளில் வரைந்துவிடுங்கள். வெள்ளையில் நேரான சிவப்புச் சிலுவை ஜோர்ஜுடையது, நீலத்தில் குறுக்கான வெள்ளைச் சிலுவை அன்ட்ரூவுடையது, வெள்ளையில் குறுக்கான சிவப்புச் சிலுவை பற்றிக்குடையது. மூன்றும் சேர்ந்ததுதான் யூனியன் கொடி. வேல்ஸின் சிவப்பு டிராகன் அதில் இல்லை, ஏனென்றால் 1606இல் முதல் யூனியன் கொடி உருவானபோது வேல்ஸ் ஏற்கெனவே இங்கிலாந்தோடு இணைந்திருந்தது. சின்னப் பிள்ளைகளின் வண்ணப் பென்சிலை வாங்கி ஒருமுறை உண்மையாகவே வரையுங்கள். கை செய்ததை மனம் விடாது.

திருச்சபையும் இப்படித்தான் பிரிகிறது. இங்கிலாந்தில் அரச திருச்சபை சேர்ச் ஒஃப் இங்லண்ட், அதன் தலைவர் மன்னர், ஆன்மிகத் தலைவர் கன்ரபெரி பேராயர். ஸ்கொட்லாந்தின் தேசியத் திருச்சபை பிரெஸ்பிட்டேரியன் எனும் புரட்டஸ்தாந்துப் பிரிவு. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அரச திருச்சபை கிடையாது.

ஐந்தாவது: எங்கள் வழக்கமும் புத்தகத்தின் வழக்கமும்

இந்தப் பகுதி தமிழ் வீடுகளுக்கென்றே எழுதுகிறேன், வேறு வழிகாட்டிகளில் நான் இதைக் கண்டதில்லை. தெரியாததைப் பிழைவிடுவதைவிட, தெரிந்ததாக நினைப்பதைப் பிழைவிடுவது எங்களிடம் அதிகம்.

தீபாவளியைச் சொல்லிவிட்டேன்: ஐந்து நாள், இந்துக்களும் சீக்கியரும் கொண்டாடுவது, நன்மை தீமையை வென்றதன் அடையாளம், பேர்போன கொண்டாட்டம் லெஸ்டர் நகரில். நரகாசுரன் கதை புத்தகத்தில் வராது.

அன்னையர் தினம் அடுத்தது. ஊரில் இருப்பவர்கள் மே மாத இரண்டாம் ஞாயிறு வாழ்த்து அனுப்புவார்கள், தமிழ்த் தொலைக்காட்சியும் அன்றுதான் நிகழ்ச்சி போடும். இங்கே மதரிங் சண்டே என்பது ஈஸ்டருக்கு மூன்று வாரம் முந்தின ஞாயிறு. மே என்று ஒரு தெரிவு இருந்தால் கை தானாக அங்கே போகும், நிறுத்துங்கள். தந்தையர் தினத்தில் அந்த வேறுபாடு இல்லை, ஜூன் மூன்றாம் ஞாயிறுதான்.

தைப்பொங்கல், நவராத்திரி, சிவராத்திரி எதுவும் கையேட்டுப் பண்டிகைப் பகுதியில் இல்லை. ஆகவே ‘இங்கே இப்படியும் கொண்டாடுகிறார்களே’ என்று யோசிக்கத் தேவையில்லை. உங்கள் தெருவில் நடப்பது எதுவாக இருந்தாலும், பரீட்சை மண்டபத்தில் கையேட்டில் அச்சாகியிருப்பதே விடை.

ஆனால் எங்கள் பக்கத்து மனிதர் ஒருவர் அந்தப் புத்தகத்தில் இருக்கிறார். 1759இல் பிறந்த, வங்காளத்தைச் சேர்ந்த சேக் டீன் மஹோமத். 1810இல் லண்டன் ஜோர்ஜ் வீதியில் ஹிந்துஸ்தானி கொஃபி ஹவுஸ் என்ற உணவகத்தைத் திறந்தார். பிரித்தானியாவின் முதல் கறி உணவகம் அதுதான். தலையை மசாஜ் செய்யும் ஷாம்பூயிங் வழக்கத்தையும் அவரும் அவர் மனைவி ஜேனும் இங்கே அறிமுகப்படுத்தினார்கள். இந்தப் பத்தியை எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே வாசிப்பில் பிடித்துக்கொண்டார்கள்.

ஆறாவது: ஆங்கிலச் சொல்லோடு பழகுவது

பரீட்சை ஆங்கிலத்தில் நடக்கும். வேல்ஸில் வெல்ஷ் மொழியிலும் ஸ்கொட்லாந்தில் கேலிக் மொழியிலும் எழுதலாம், தமிழில் முடியாது. அதனால் பொருளைத் தமிழில் விளங்கிக்கொண்டு, பெயரை ஆங்கிலத்திலேயே கண்ணுக்குப் பழக்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்புக் குறிப்புகளை மட்டும் படித்துவிட்டுப் போனால் திரையில் வரும் சொல் அந்நியமாக நிற்கும்.

நான் செய்வது இப்படி: ஒரு சின்ன அட்டையின் முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் தமிழில் ஒரு முழு வாக்கியம். ‘பேட்ரன் செயின்ட்’ என்றால் பின்னால் ‘ஒரு நாட்டுக்குக் காவலாக எண்ணும் புனிதர்’. ‘எஸ்டாபிளிஷ்ட் சேர்ச்’ என்றால் ‘அரசோடு சட்டப்படி இணைந்த திருச்சபை’. ‘பேங்க் ஹொலிடே’ என்றால் ‘வங்கிகளும் பல கடைகளும் மூடும் பொது விடுமுறை’. பேருந்தில் பத்து அட்டை, சமைக்கும்போது பத்து அட்டை. வாய்விட்டுப் படியுங்கள். உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, கண்ணுக்கு வடிவம் பழகுவதுதான் நோக்கம்.

கேள்வியின் சொற்களையும் தனியாகப் பழகுங்கள். ‘இரண்டைத் தெரிவு செய்க’, ‘எது இல்லை’ என்பதற்கான சொற்களைத் தவறவிட்டால் படித்தது எல்லாம் வீண். விடைகளைப் பார்க்குமுன் கேள்வியை இரண்டு தடவை வாசிக்கும் பழக்கத்தை முதல் நாளில் இருந்தே கொண்டுவாருங்கள்.

ஏழாவது: விளையாட்டும் மேடையும்

இதில் கிரிக்கெட் எங்களுக்குச் சும்மா கிடைக்கும் புள்ளி. டெஸ்ட் ஆட்டம் ஐந்து நாள், ஆஷஸ் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும். மற்றவற்றுக்கு ஊரைப் பிடியுங்கள்: விம்பிள்டன் டென்னிஸ், கிராண்ட் ஸ்லாம்களில் புல்தரையில் நடப்பது அது ஒன்றுதான். கோல்ஃபுக்குச் சென்ட் அன்ட்ரூஸ். குதிரைப் பந்தயத்தில் ரோயல் அஸ்கொட் பெர்க்‌ஷயரில், கிராண்ட் நஷனல் லிவர்பூலுக்கு அருகே எய்ன்ட்ரியில். இங்கிலாந்து உலகக் கிண்ணக் காற்பந்தை வென்றது 1966இல். ரக்பியின் சிக்ஸ் நேஷன்ஸில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி.

மேடை வழக்கங்களில் இரண்டு எங்களுக்குச் சொந்தம் மாதிரித் தெரியும். வேல்ஸின் ஐஸ்டெத்வொட் விழாவில் வெல்ஷ் மொழியில் இசையும் நடனமும் கவிதைப் போட்டியும் நடக்கும், எங்கள் கவியரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்மஸ் காலத்துப் பண்டமைம் நாடகத்தில் டேம் என்ற பெண் பாத்திரத்தை ஆண் நடிப்பார், கூத்தில் பெண் வேடம் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதினமே இல்லை. ப்ரொம்ஸ் என்பது எட்டு வாரக் கோடைக்கால இசை விழா, 1927இல் இருந்து பிபிசி நடத்துகிறது, ரோயல் அல்பர்ட் ஹோல் அதன் முக்கிய இடம்.

எட்டாவது: பயிற்சிக் கேள்விகள்

நான்காம் வாரத்துக்கு முன்னர் பயிற்சிப் பரீட்சை எழுத வேண்டாம் என்பேன். சிலர் புத்தகத்தையே திறக்காமல் கைப்பேசிச் செயலிகளில் நூற்றுக்கணக்கான கேள்விகளைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். கேள்வியின் உருவம் பழகிவிடும், விடயம் ஏறாது. அதே விவரத்தை வேறு விதமாகக் கேட்டால் திகைத்துவிடுவார்கள்.

படித்த பிறகு எழுதுங்கள். பிழைவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும் புத்தகத்தில் அந்த வரியைத் தேடி, கொப்பியில் கையால் எழுதுங்கள். வாரக் கடைசியில் அந்தக் கொப்பியை மட்டும் வாசித்தால் போதும். தொடர்ந்து ஐந்து பயிற்சியில் 22க்குக் குறையாமல் எடுக்கும்போதுதான் உண்மையான பரீட்சைக்குப் பதிவு செய்யச் சொல்வேன். 18இல் தொங்கிக்கொண்டிருக்கும்போது போவது 50 பவுண்ட்ஸைப் பந்தயம் வைப்பது மாதிரி.

வீட்டில் ஒருவர் கேட்க, ஒருவர் சொல்வது இன்னும் நல்லது. பத்து வயதுப் பிள்ளை அம்மம்மாவிடம் “ஹனுக்கா எத்தினை நாள்?” என்று கேட்டு, சரியாகச் சொன்னதும் கைதட்டினால் அந்த விடை எந்தச் செயலி தருவதைவிடவும் ஆழமாக நிற்கும்.

ஒன்பதாவது: பதிவும் பரீட்சை நாளும்

கவ் டொட் யூகே என்ற அரசின் இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். தேடும்போது மேலே வரும் தனியார் தளங்கள் கூடுதலாகப் பணம் பிடுங்கும். குறைந்தது மூன்று நாள் முன்னதாகப் பதிய வேண்டும். மின்னஞ்சல் முகவரி, வங்கி அட்டை, அடையாள ஆவணம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே தனிக் கவனம் வேண்டும். தகப்பன் பெயர் முதலில் நிற்குமா, குடும்பப் பெயர்க் கட்டத்தில் எது, நீளமான பெயர் எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். நீங்கள் எப்படிக் கூப்பிடப்படுகிறீர்கள் என்பதை மறந்துவிட்டு, கொண்டுபோகப் போகும் ஆவணத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து பதியுங்கள். விவரம் பொருந்தாவிட்டால் எழுத விடமாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. பதியும்போது காட்டிய அதே ஆவணத்தையே அன்றைக்கும் கொண்டுபோக வேண்டும்.

உங்களுக்குப் பதிலாக வேறு ஆளை இருத்தித் தருகிறேன், காதில் கருவி வைத்து விடை சொல்லித் தருகிறேன் என்று யாராவது வந்தால் உடனே விலகுங்கள். அது குற்றம். பிடிபட்டால் பரீட்சையோடு போகாது, விண்ணப்பமே விழுந்துவிடும்.

அன்று காலை புதிதாக எதையும் படிக்காதீர்கள். மடித்த தாளையும் பிழைக் கொப்பியையும் ஒருமுறை பார்த்தால் போதும். மண்டபத்தில் கைப்பேசியை எடுத்துவைத்துவிடுவார்கள், படம் எடுப்பார்கள், அதெல்லாம் வழமை. தெரிந்த கேள்விகளை முதலில் முடித்துவிட்டு, சந்தேகமானவற்றுக்குத் திரும்பி வாருங்கள். எதையும் வெறுமையாக விடாதீர்கள்.

சித்தியடைந்தால் உங்களுக்கென்று ஒரு தனி எண் தருவார்கள். நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் அதைத்தான் எழுத வேண்டும். பின்னர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் அதே எண் செல்லும், மறுபடி பரீட்சை எழுதத் தேவையில்லை, அதற்குக் காலாவதியும் கிடையாது. மின்னஞ்சலை அச்சிட்டு ஒரு பிரதியைக் கடவுச்சீட்டோடு வையுங்கள், இன்னொன்றை வீட்டில் வேறு யாருடைய மின்னஞ்சலுக்காவது அனுப்பிவையுங்கள். மாமி தன்னுடையதை இரண்டாம் தடவை எழுதிய அன்று மாலையே அச்சிட்டு, கடவுச்சீட்டு உறைக்குள் மடித்து வைத்துவிட்டு, சுவர்க் கலண்டரைக் கழற்றி அடுத்ததாக எழுதவிருந்த தன் தங்கைக்குக் கொடுத்தனுப்பினார்.